பஸ் லேனுக்குள் எப்போது போகலாம்?

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள ஐயா,

நீ டிரைவிங் தியரியில் பாஸாகிவிட்டாய் என்று அப்பா மாமா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லி முடித்துவிட்டார். இங்கே 50 கேள்வியில் 42 சரியாக இருந்தால் போதும், அங்கே இங்கிலாந்தில் 43. இங்கே லைசென்ஸ் எடுத்து காடி ஓட்டிக்கொண்டிருந்தவன், அங்கே போய் 12 மாதம் முடிந்ததும் மறுபடியும் எல் பலகை மாட்ட வேண்டியிருக்கிறதே என்று நீ சலித்துக்கொண்டாய். சிங்கப்பூர் லைசென்ஸ் என்றால் அப்படியே மாற்றிக் கொடுக்கிறார்கள், நம்முடையதற்கு அந்தச் சலுகை இல்லை. என்னைக் கேட்டால் அதுவும் நல்லதுக்குத்தான். ஜாலான் அம்பாங்கில் ஓட்டிய பழக்கத்தை அப்படியே மான்செஸ்டருக்குக் கொண்டுபோனால் முதல் வாரமே சம்மன் வரும்.

பஸ் லேன்தான் உன்னைக் குழப்புகிறது என்றாயே, அதற்கு வருகிறேன். இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஊர் ஹைவே கோட், அதாவது சாலை விதிப் புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தரையில் இருக்கும் கோடு எது பஸ்ஸின் இடம் என்று மட்டும்தான் சொல்லும். எந்த நேரம், யாரெல்லாம் என்பது பலகையில் இருக்கும். நீ தரையையே பார்த்து ஓட்டுகிறாய், அதனால்தான் குழப்பம். பஸ் லேனைப் பிரிப்பது தடித்த வெள்ளைக் கோடு, விடாமல் நீளமாகப் போகும். உள்ளே பெரிய எழுத்தில் பஸ் லேன் என்று எழுதியிருக்கும். ஓரத்தில் நீலப் பலகை. அதில் பஸ் படத்தோடு சைக்கிள் படமும் இருந்தால் சைக்கிளும் போகலாம். டாக்ஸி என்று எழுதியிருந்தால் டாக்ஸியும் போகலாம். அதற்குக் கீழே நேரம். திங்கள் முதல் வெள்ளி, காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 7 என்று போட்டிருந்தால், மத்தியானம் 2 மணிக்கு அது எல்லாருக்கும் பொதுவான லேன். நேரமே போடவில்லை என்றால் 24 மணி நேரமும் பஸ்ஸுக்குத்தான். நேரம் போடாததால் கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துவிடாதே.

இன்னொன்று. உன்னைப் போல் பயந்து ஓட்டுகிறவர்கள் நேரம் முடிந்த பிறகும் அந்த லேன் பக்கமே போக மாட்டார்கள். இடது பக்கம் காலியாகக் கிடக்கும், இவர்கள் வலது பக்கமே ஊர்ந்துகொண்டிருப்பார்கள். டெஸ்ட்டில் தேர்வாளர் அதையும் பிழையாகக் குறிக்கலாம். பலகையைப் படித்தாயா, நேரம் இல்லையா, இடது கண்ணாடியைப் பார், சைக்கிள் இல்லையென்றால் சிக்னல் போட்டு உள்ளே போ.

இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டாய். சந்திக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தடித்த கோடு நின்று, விட்டுவிட்டு வரும் கோடாக மாறும். உன்னைப் போல் திரும்புகிறவர்களுக்காக விட்ட வழி அது. அதற்கு முன்னாலேயே குறுக்கே புகுந்துவிடாதே. புகுந்தால் கேமரா படம் எடுக்கும், கடிதம் காடியின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். நீ ஓட்டப்போவது நண்பனுடைய காடி என்பதையும் நினைத்துக்கொள்.

உன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஆக்ஸ்ஃபோர்ட் ரோட்டில் இதைவிடக் கண்டிப்பு. அங்கே ஒரு பகுதியில் காலை 6 முதல் இரவு 9 வரை சாதாரண காடி நேராகப் போகவே முடியாது, பஸ்ஸும் சைக்கிளும் டாக்ஸியும்தான். போனில் வழி காட்டுகிறதே என்று அதை நம்பி உள்ளே போகாதே.

பஸ் ஓட்டுகிறவர்களின் பக்கத்தையும் கொஞ்சம் கேள். லேனில் ஒரு காடி திடீரென்று தலையை நீட்டினால் டிரைவர் பிரேக் போட்டாக வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் தப்பித்துவிடுவார்கள். கம்பியைப் பிடித்து நிற்கிறவர்கள், அதுவும் ஒரு கையில் பாசார் பையோடு நிற்கிற பாட்டிமார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். அதைவிட மோசம் பஸ் ஸ்டாப்பில் 'இரண்டே நிமிஷம்' என்று நிறுத்திவைக்கும் காடி. பஸ்ஸின் முன்பக்கத்தை மட்டும் ஓரமாக நுழைக்க முடியும், வால் ரோட்டிலேயே நிற்கும். முன்கதவு ஓரக்கல்லை ஒட்டி நிற்கும், நடுக்கதவுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விழும். முட்டி வலிக்கிற ஆள் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபடி நடைபாதையில் ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பலகை போடவே முடியாது. இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் ஸ்டாப்பை விட்டு அந்த ஊர் மஞ்சள் பஸ் ஒன்று சிக்னல் போட்டுக் கிளம்பினால், பாதுகாப்பாக முடியுமானால் வழி விடு. அவர்கள் ஹைவே கோடும் அதைத்தான் சொல்கிறது.

சரி, சைக்கிள். ரோட்டிலேயே கோடு போட்டுப் பிரித்த சைக்கிள் லேன் இருந்தால், கோடு விடாமல் போகிறதா, விட்டுவிட்டுப் போகிறதா என்று பார். விடாமல் போனால், அந்த லேனுக்கான நேரத்தில் உள்ளே ஓட்டவோ நிறுத்தவோ சட்டப்படி கூடாது. விட்டுவிட்டுப் போனால், வேறு வழியே இல்லாதபோது மட்டும். நம் ஊரில் நீலச் சாயம் அடித்த சைக்கிள் லேனில் காடியை நிறுத்திவிட்டு தே தாரேக் குடிக்கப் போகிறார்களே, அந்த நினைப்பே வேண்டாம். சில டிராபிக் லைட்டில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே சைக்கிள் படம் இருக்கும். விளக்கு சிவப்போ மஞ்சளோ, நீ நிற்க வேண்டியது முதல் கோட்டில். இங்கே மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் கட்டம் போட்டுக் கொடுக்காமலே முன்னால் போய் நின்றுகொள்வார்கள். அங்கே மோட்டார் சைக்கிளும் முதல் கோட்டிலேயே நிற்க வேண்டும்.

நடக்கிறவர்களும் சைக்கிளும் சேர்ந்து போகும் பாதையை நீ கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் கவலை. நீல வட்டத்தில் பெரியவரும் பிள்ளையும் கைபிடித்துப் போகும் படம், அதோடு சைக்கிள் படம். நடுவே செங்குத்துக் கோடு இருந்தால் ஆளுக்கொரு பக்கம். கோடு இல்லையென்றால் எல்லாரும் கலந்து போவார்கள். நமக்கென்ன, நாம் ரோட்டில்தானே போகிறோம் என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பும்போதும், வீட்டு வாசலில் ஏறும்போதும் அந்தப் பாதையைத்தான் குறுக்கே வெட்டுகிறாய். அதில் சைக்கிள் இரண்டு திசையிலும் வரும். ரோட்டில் வண்டி வரும் பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்பினால் எதிர்ப்பக்கமிருந்து வருகிறவன் கண்ணில் படவே மாட்டான். இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்.

2022 ஜனவரி 29 முதல் அங்கே விதி மாறியிருக்கிறது. நீ பக்கத்துச் சாலைக்குள் திரும்பும்போது, அதைக் கடக்கக் காத்து நிற்கிறவருக்கும் நீதான் வழி விட வேண்டும். ரோட்டில் இறங்கிவிட்டவருக்கு மட்டுமல்ல, ஓரத்தில் நிற்கிறவருக்கும். நேராகப் போகிற சைக்கிளை வெட்டிக்கொண்டும் திரும்பக் கூடாது. இங்கே லைசென்ஸ் எடுத்த உனக்கு இது கைக்கு வர நாளாகும். கோலாலம்பூரில் நடக்கிறவர் காடிக்கு வழி விட்டே பழகியவர்.

அப்புறம், உன்னோடு உட்காரப்போகும் நண்பனுக்கு 21 வயது தாண்டியிருக்க வேண்டும், லைசென்ஸ் எடுத்து 3 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அவனுடைய இன்சூரன்ஸில் உன் பெயரைச் சேர்த்தாயிற்றா என்று இந்த வாரமே கேள். சேர்க்காமல் சாவியைத் தொடாதே. அப்பா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார், அவரிடம் விவரமாகச் சொல்.

அன்புடன்,
அம்மா