சரக்கு குறைந்தால் திருட்டும் குறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போதைப்பொருள் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம், இனி குற்றமும் குறையும் என்று நம்பிவிடுகிறோம். 1995-இல் அமெரிக்க அரசு, மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருளைத் தயாரிக்கத் தேவையான மூலப்பொருளை விற்ற இரண்டு பெரிய நிறுவனங்களை முடக்கியது. போதைப்பொருளின் விலை மூன்று மடங்கானது. ஆனால் நாலே மாதத்தில் பழைய விலைக்கே இறங்கிவிட்டது. திருட்டும் வன்முறையும் சொல்லும்படி குறையவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2001 தொடக்கத்தில் ஹெராயின் திடீரென்று கிடைக்காமல் போனது. அளவுமீறி எடுத்துச் சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். அது பெரிய நன்மை, மறுக்கவே முடியாது. அப்புறம் பலர் கோகைனுக்குத் தாவினார்கள். அங்குள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வழிப்பறி கொஞ்ச காலம் கூடியது.

விலை ஏறினாலும் ஹெராயினுக்கு அடிமையானவரின் உடம்பு கேட்பதை நிறுத்தாது. விடியற்காலையில் மூக்கு ஒழுகி, கைகால் குடைந்து, வயிற்றைப் புரட்டும்போது அவர் சட்டத்தை நினைப்பதில்லை. கைக்கெட்டிய செல்போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அந்த நேரத்தில், ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கும் மருந்தான மெத்தடோன் தரும் சிகிச்சை மையம் ஒன்று அவருக்குத் திறந்திருக்க வேண்டும். பறிமுதல் நடக்கட்டும், சரி. கூடவே சிகிச்சை இடங்களையும் கூட்டுங்கள் என்று அரசுகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்