அம்மாவின் தோட்டத்துக்குப் பெயர் என்ன, மக்கா?

நுவரெலியா,
வியாழன் இரவு

அன்புள்ள மக்கா,

சுகம்தானே? மைனிக்கும் பிள்ளைகளுக்கும் சுகமா? உன் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா?

ஊர் திரும்பிய பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று மதியம் நடந்ததை உனக்கு இப்போதே சொல்லவேண்டும். உன்னிடம் ஒரு காரியமும் கேட்கவேண்டும். போனில் பேசினால் எனக்குச் சொல்ல வராது. அதனால் ஓட்டல் அறையில் இருந்த தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இங்கே குளிர் விரலைப் பிடித்து இழுக்கிறது. பிப்ரவரியில் விடியற்காலம் புல்லில் உறைபனி விழுமாம். என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, இரண்டு கம்பளிக்குள் சுருண்டு தூங்கிவிட்டாள்.

நாங்கள் இலங்கைக்கு வருவது உனக்குத் தெரியும். இந்த மாதம் என் ரப்பர் கடை சும்மாதான் கிடக்கிறது. இலை உதிர்ந்து மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது பால் வெட்டு ஏது? ஷீட்டும் வராது, ஒட்டுப்பாலும் வராது. மகள்தான் பிடிவாதமாகப் பணம் கட்டினாள். ஐந்து இரவு, ஆறு பகல், பேக்கேஜ் டூர். ஓட்டல், சாப்பாடு, வண்டி எல்லாம் அதிலேயே அடங்கும். பதினெட்டுப் பேர் வந்திருக்கிறோம். பாதிப் பேர் திருவனந்தபுரத்துக்காரர்கள், மீதி நம் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை விமானம். குலசேகரத்திலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்த நேரம்கூட விமானத்தில் இல்லை. ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்கா. உன் தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து, நம் கரை வெள்ளைக் கோடாகத் தெரிந்து மறையும்வரை என் கையை விடவே இல்லை. எனக்கு அப்போதே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் சிலோனை விட்டு, அட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, கடைசியில் ஒரு லாரியில் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கு வந்த கதையை அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! அந்தக் கடலை நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தாண்டிவிட்டேன்.

முதல் நாள் பின்னவல யானைச் சரணாலயம். 1975-ல் தாயில்லாத குட்டிகளுக்காகத் தொடங்கியதாம். கூட்டமாக யானைகள் கடைத்தெரு வழியே நடந்து மகா ஓயா ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு அதைவிட, போகிற வழியில் கேகாலைப் பக்கம் பார்த்ததுதான் பெரிதாகப் பட்டது. ரோட்டுக்கு இருபுறமும் ரப்பர். அதே சரிவு, அதே வெட்டுத் தழும்பு, மரத்துக்கு மரம் கம்பி கட்டிய சிரட்டை. இலை உதிர்ந்து நம் ஊர் மாதிரியே வெறுங்கிளையாக நின்றன. டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இந்த ரப்பர் விஷயம் உனக்குத் தெரியுமா? ஆசியாவிலேயே முதலில் ரப்பர் கன்று நட்ட இடங்களில் ஒன்று இங்கே கம்பஹா பக்கம் இருக்கிற ஹெனரத்கொட தோட்டம். பிரேசிலிலிருந்து லண்டன் போன விதை அங்கே முளைத்து, 1876-ல் கன்றாக இங்கே வந்தது. இந்தியாவுக்குக் கன்று வந்ததும் இங்கிருந்துதான். முப்பது வருஷம் ரப்பர் வாங்கி விற்றவன் நான். என் வீட்டில் உலை வைத்த மரமும் சிலோனிலிருந்து வந்தது, என் சேக்காளியும் சிலோனிலிருந்து வந்தவன். அந்தத் தோட்டம் எங்கள் டூரில் இல்லை. கம்பஹா என்று எழுதிய பலகையைப் பார்த்ததோடு சரி.

கண்டியைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் அதுவல்ல இப்போது விஷயம். ஓட்டல் ஏரிக்கரையில் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். வந்து பார்த்தால் ஊருக்கு வெளியே மலை உச்சியில். அதை விடு. சாயங்காலப் பூஜைக்குத் தலதா மாளிகை, அதுதான் புத்தரின் பல் இருக்கிற கோயில், போனோம். மேளம் அடிக்கத் தொடங்கியதும் உன் தங்கச்சி கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றுவிட்டாள். அந்த ஏரியை வெட்டிய கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்க வம்சத்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-ல் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிவிட்டான். 1832-ல் அங்கேயே இறந்தார். கைடு இதைச் சொன்னபோது கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவையே கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றி உன் தங்கச்சி எழுதச் சொன்னாள். கண்டி ஓட்டலில் 'பொலொஸ்' என்று ஒரு பிஞ்சுப் பலாக்காய்க் கறி. ஒரு வாய் போட்டதும், "இது நம்ம இடிச்சக்கை இல்லியா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ச் சம்பல், இடியாப்பம். மீன் கறியில் கொறக்கா என்று ஒரு புளி போடுகிறார்கள். சமையற்காரரிடம் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தாள். நம் குடம்புளியேதான். வெளிநாடு என்று பயந்து வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ஊறுகாய் பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

சரி, இன்றைக்கு வருகிறேன்.

காலையில் கண்டியிலிருந்து கிளம்பி மலை ஏறினோம். திருப்பத்துக்குத் திருப்பம் தேயிலை. இறம்பொடை அருவியில் பத்து நிமிஷம். நம் திற்பரப்பில் குளிக்கலாம், இதைக் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் பார்க்கமுடியும். அப்புறம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நிறுத்தினார்கள். இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது எல்லாம் காட்டிவிட்டு, கடையில் டீத்தூள் வாங்க முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். எல்லாரும் கடைக்குள் போனார்கள். நானும் உன் தங்கச்சியும் பின்பக்கப் படி வழியாக இறங்கி நடந்தோம்.

கீழே லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரே தகரக் கூரை, வரிசையாகப் பன்னிரண்டு கதவு. ஒவ்வொரு வாசலிலும் டின்னில் வைத்த பூச்செடி. ஓரத்தில் லீக்ஸ் பாத்தி, சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில். வீடு என்பது 10 அடிக்கு 12 அடி அறை, பக்கத்தில் ஒரு அடுப்படி, அவ்வளவுதான். கீரிப்பாறையில் உங்கள் குவார்ட்டர்ஸைப் பார்த்து, "எங்க லயத்துக்கு இது மாளிகை"ன்னு அம்மா சொன்னது எதற்கென்று இன்றுதான் விளங்கியது.

வாசலில் ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் கட்டியிருந்த படங்கை, அந்தச் சாக்குத் துணியை, அவிழ்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும், "இந்தியாவா? எந்தப் பக்கம்?" என்றார். நாகர்கோவில் என்றோம். அவருக்குத் தெரியவில்லை. கன்னியாகுமரி என்றதும் சிரித்தார். "வாங்க, சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மக்கா, அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! எங்கள் வீட்டில் கட்டன் சாயா, உங்கள் வீட்டில் சாயத்தண்ணி. அவர் உள்ளே போய்ப் பால் இல்லாத டீயை இரண்டு கிளாஸில் கொண்டுவந்தார். டீயில் சீனி இல்லை. என் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, ஒரு கரண்டிச் சீனியை அதில் கொட்டினார். அதை நக்கிக்கொண்டு குடிக்கவேண்டும். பதினோரு வயதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா என் கையை இதே மாதிரி விரித்துத்தான் சீனி வைத்தார்கள். கலக்க மறந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று எனக்குச் சீனி இறங்கவில்லை. உன் தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். காலை ஆறரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது; ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுக்காவிட்டால் அரை நாள் பேர்தான், அரை நாள் கூலிதான், போடுவார்கள் என்றார். 'பெரட்டு' என்றதும் நான் நிமிர்ந்துவிட்டேன். அம்மா ரப்பர் வெட்டப் போகும்போதும் அதைத்தானே சொல்வார்கள்! தேயிலை மலையின் வார்த்தையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து ரப்பர் காட்டில் வைத்திருந்தார்கள்.

பிறகு அவரே சொன்னார்: "எங்க பெரியப்பா குடும்பமும் ஒப்பந்தத்துல கப்பல் ஏறிருச்சு. கூடலூர்னு ஒரு கடிதாசி வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்பா சாகிற வரைக்கும் தபால்காரர் வந்தா எழும்பி உட்காருவாரு."

சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை நாம் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்தோம். 1964. நாடற்றவர்கள் என்று எண்ணப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிவைத்தார்கள். 1948-ல் குடியுரிமையைப் பறித்தபோதும் இவர்களைக் கேட்கவில்லை, 1964-ல் பிரித்துக்கொண்டபோதும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் விழுந்த வீட்டின் வாசலில் உட்கார்ந்து நான் இன்று டீ குடித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ஏழாம் வகுப்பில் ஒரு பம்பரத்துக்காகச் சண்டை போட்டபோது நான் உன்னைப் பார்த்து, "உன் ஊருக்குப் போலே" என்றேன். நீ அடிக்கவில்லை. "எந்த ஊருக்கு?" என்று கேட்டாய். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாய். மறுநாள் நாம் பேசிவிட்டோம், ஆனால் அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் பள்ளிக்கூடப் பாரத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதியிருந்தது. கீரிப்பாறை, மணலோடை, கோதையாறு, சிற்றாறு என்று எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதுதான். 1984-ல் அரசு ரப்பர் கழகம் வந்த பிறகும் அந்தப் பெயர்தான் ஓடியது. நானும் அதை ஒரு மரியாதையான வார்த்தை என்றே நினைத்திருந்தேன். ஆனால் அம்மா இந்த மலையில் பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மாவும் இங்கேதான். திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்பதைத் தவிர அவர்களுக்கு அங்கே ஒரு முகம்கூடத் தெரியாது. அவர்கள் திரும்பி வரவில்லை மக்கா, விட்டுவிட்டு வந்தார்கள். கீரிப்பாறையில் மழை பெய்து மலையில் மஞ்சு இறங்கும்போது அம்மா ஏன் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று நீ ஒருநாள் என்னிடம் கேட்டாய். இன்று அந்த லயத்து வாசலில் நின்று பார்த்தேன். மஞ்சு அப்படியேதான் இறங்குகிறது.

கிளம்பும்போது உன் தங்கச்சி பையிலிருந்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். அவர் உள்ளே ஓடி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் டீத்தூள் கொண்டுவந்து தந்தார். கடையில் விற்கிற தூள் இல்லை, வீட்டுக்கு வைத்திருந்தது. அது அம்மாவுக்கு. நான் அதைத் தொடமாட்டேன். கூடலூரில் உனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவருடைய பெரியப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வாங்கியிருக்கிறேன். தனியாக அனுப்புகிறேன், விசாரி.

இப்போது நான் கேட்கவேண்டியது. நாளைக்கு டூரில் சீதா எலிய கோயிலும் கிரகரி ஏரியில் படகுச் சவாரியும். சனிக்கிழமை கீழே இறங்கிப் பெந்தோட்டைக் கடற்கரை. கடல் நமக்கு ஊரிலேயே இருக்கிறது. நாளைக்கு நாங்கள் இருவரும் கூட்டத்தோடு போகவில்லை என்று கைடிடம் சொல்லிவிட்டேன். ஓட்டலில் ஒரு தமிழ்ப் பையன் வேலை செய்கிறான், தலவாக்கலைக்காரன். அவன் மாமாவிடம் கார் இருக்கிறது. பொகவந்தலாவைக்குப் போக இரண்டு மணி நேரம், சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்கிறான்.

ஆனால் பொகவந்தலாவை என்றால் அங்கே ஏகப்பட்ட தோட்டமாம். அம்மா 'பொகவந்தலாவை' என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர் என்ன, மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா, பக்கத்தில் கோயிலோ பாலமோ ஏதாவது அடையாளம் உண்டா, அம்மா பிறந்த லயம் எந்தப் பக்கம், யாராவது சொந்தக்காரர்கள் அங்கேயே தங்கினார்களா, எல்லாம் கேள். அம்மா சீக்கிரம் தூங்கிவிடுவார்கள் என்று தெரியும். எழுப்பிக் கேள், கோபப்படமாட்டார்கள். அங்கே போனதும் வீடியோவில் கூப்பிடுகிறேன், அம்மாவைக் கண்ணாடி போட்டு உட்காரவைத்திரு.

காலை ஏழு மணிக்குக் கார் வரும். அதற்குள் எழுது.

உன்,
மக்கா