ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலுறுப்பு தானம் குறித்து அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி 21 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும், மறுப்புத் தெரிவிக்காத வரையில், இறந்தபின் தங்கள் உறுப்புகளை எடுத்துக்கொள்ள ‘சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள்’ என்று எழுதப்பட்டிருந்தது. சட்டத்தைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை. ஆனாலும் ‘சம்மதம்’ என்ற அந்த ஒரு சொல் உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் உறுப்பு தானத்துக்கு எதிரானவள் அல்லள். என் அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறார். ஊசி ஏற்றுவதற்காக அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் அவரது இடக்கையைத் தொட்டால், உள்ளே வண்டு முரல்வது போன்ற அதிர்வு விரலுக்குத் தெரியும். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால், மத்தியான நேரங்களில் ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. (முகம் தெரியாத ஒருவர் வீட்டுச் சாவுக்காகக் காத்திருக்கிறோமே என்ற குறுகுறுப்பு எங்களுக்கு இல்லாமல் இல்லை.)

என் மகளுக்கு 21 வயது நெருங்கியபோது இச்சட்டத்தை விளக்கிச் சுகாதார அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. நின்றபடியே படித்துவிட்டு, பேரங்காடியின் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியின்மேல் வைத்தாள். என்னவென்று கேட்டேன். “ஒன்னும் செய்ய வேணாம்மா, சும்மா இருந்தாலே போதும்” என்றாள். சட்டம் சம்மதமென்று எடுத்துக்கொள்வது இந்தச் சும்மா இருத்தலைத்தான்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. என் பாட்டியைப் பெண் பார்க்க வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். அதையே சம்மதமாக வைத்துக்கொண்டு தட்டை மாற்றிவிட்டார்கள். சட்டம் அந்த அளவுக்கு மோசமில்லை. வேண்டாம் என்போர் மறுப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அப்படி மறுத்தவருக்கே பிற்பாடு ஓர் உறுப்பு தேவைப்பட்டால் அவர் வரிசையில் பின்னுக்குப் போவார்; மனம் மாறி மறுப்பைத் திரும்பப் பெற்றாலும் பழைய முன்னுரிமை கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆகும். கொடுக்க மறுப்பவர் வாங்கும் வரிசையில் பின்னால் நிற்பது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். என் குறை வேறு.

1987இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை நிறைவேற்றியபோது, விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை மட்டுமே எடுக்க முடியும் என்றிருந்தது. 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியனவும் சேர்க்கப்பட்டன. மரணத்துக்கு விபத்துதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் போயிற்று. 2009இல் அறுபது வயது என்ற உச்சவரம்பும் நீக்கப்பட்டது. தொடக்கத்தில் சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் இருந்த ஒருவரின் அதே மௌனம், பின்னர் அவரது இதயத்துக்கும் கண்ணுக்கும் முதுமைக்கும் சேர்த்துப் பதிலாகிவிட்டது. ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியே தேவையானதாக இருந்திருக்கலாம். ஆயினும் கேள்வி மாறிய பிறகு பழைய பதிலையே வைத்துக்கொள்வதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? குடிமக்கள்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறோம், விரும்பாதவர் விலகலாம் என்று அரசு வெளிப்படையாகச் சொன்னால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியார் நிரந்தரவாசி, வயது 74. இச்சட்டம் தமக்கும் பொருந்தும் என்பதே அவருக்குத் தெரியாது. கட்டுரையைப் படித்துக் காட்டியபோது அவர் முதலில் கேட்டது, கண்ணை எடுத்துவிட்டால் கடைசியாக முகம் பார்க்க வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான். எடுப்பது கண்ணின் முன்புறத்திலுள்ள மெல்லிய படலம், முகம் மாறாது என்று விளக்கினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “எடுத்துக்கிட்டுப் போகட்டும், மண்ணு தின்னுற உடம்புதானே. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார். அவர் அன்று சொன்னதுதான் சம்மதம். அதற்கு முந்தின நாள்வரை சட்டத்தின் கணக்கில் இருந்தது வேறு ஏதோ ஒன்று.

கேட்காமல் விட்டதன் வலி கடைசியில் குடும்பத்தின் தலையில்தான் விடிகிறது. 2007இல் இங்கே மூளைச் சாவு அடைந்த ஒருவரின் உறவினர்கள், இன்னும் சற்று அவகாசம் கொடுங்கள் என்று மருத்துவர்கள் முன் மண்டியிட்டு அழுதது செய்திகளில் வந்தது. சுவாசக் கருவியால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டும் கை சூடாகவும் இருக்கும் ஒருவரை இறந்துவிட்டார் என்று ஒரே நாளில் ஏற்றுக்கொள்ள எந்தத் தாயாலும் இயலாது. தாமதித்தால் உறுப்புகள் பயனற்றுப் போகும் என்ற மருத்துவர்களின் அவசரமும் பொய்யில்லை. இறந்தவர் உயிரோடு இருந்தபோது ‘ஆம்’ என்று சொன்னது வீட்டாருக்குத் தெரிந்திருந்தால், அந்த அறையில் நடந்திருக்கக்கூடிய பேச்சே வேறு.

ஸ்பெயினிலும் 1979 முதல் இதே வகைச் சட்டம்தான். எனினும் அங்கே குடும்பத்தாரைக் கேட்காமல் உறுப்புகளை எடுப்பதில்லை. அப்படிக் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை மருத்துவமனைகளில் வைத்திருக்கிறார்கள். உறுப்பு தானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று அது. அதே சமயம், தாமாக எழுதிக் கொடுத்தால் மட்டுமே என்ற முறையின் குறையை நாமே பார்த்திருக்கிறோம்: 2008 வரை முஸ்லிம்கள் இச்சட்டத்துக்கு வெளியே இருந்தபோது, முன்வந்து பதிந்துகொண்டவர்கள் குறைவு. ஆகவே சட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்க முதியவர்கள் தவறாமல் பலதுறை மருந்தகங்களுக்குப் போகிறார்கள். அங்கே அவரவர் மொழியில் ஒருமுறை கேட்டு, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதிந்துகொள்ளலாம். 21 வயதுப் பிள்ளைகளிடமும் கடிதத்தோடு நிறுத்தாமல் பதிலையும் கேட்டு வாங்கலாம்.

கேட்டால் சிலர் இல்லை என்பார்கள்; அதனால் அண்ணனின் காத்திருப்பு நீளவும் கூடும். இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். பனிக்கட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, “கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு நீ ஏன் நெனக்கிற?” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்.