முழக்கத்தை நிறுத்தி ஆளுக்கொரு நோட்டைக் கொடுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடைத்தாள்களைக் கொடுத்து முடித்தாயிற்று. திருப்புதல் தேர்வுக்கான அட்டவணையும் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டது. இந்த நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட, பல பள்ளிகள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கத்தைச் சேர்த்திருக்கின்றன. உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்ததும் ஒருவர் மைக்கில் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் புத்திசாலி. என்னால் எல்லாம் முடியும். நான் நூற்றுக்கு நூறு எடுப்பேன்." சத்தம் போதவில்லை என்றால் மறுபடியும்.

உங்கள் நோக்கத்தில் குறை காணவில்லை. அடுத்த நிமிடம் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "கணக்குல 35-க்குக் கீழ எடுத்தவங்க மட்டும் நில்லுங்க, மத்தவங்க கிளாஸுக்குப் போங்க" என்று அதே மைக்கில் அறிவிப்பு வருகிறது. வரிசைகள் நகர்கின்றன. 19 எடுத்த பெண் வெயிலில் நிற்கிறாள். ஏழாம் வகுப்பு வரிசையில் போகும் அவள் தம்பி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறான். சற்று முன்புதான் "நான் புத்திசாலி" என்று அவளை உரக்கச் சொல்ல வைத்தீர்கள். இப்போது மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை வாசிக்கிறீர்கள். இரண்டில் எதை அவள் நம்புவாள்? பட்டியலைத்தான். அதற்குத்தான் மதிப்பெண் சாட்சியாக இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இது: கூட்டு முழக்கத்தை நிறுத்துங்கள். அந்த நேரத்தை வகுப்பறைக்குள், ஆளுக்கொரு நோட்டோடு கொடுங்கள்.

முழக்கத்தால் பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். கெடுதல் உண்டு. ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கனடாவில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரிய ஆள்" என்ற வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்கு அது சிறிது தெம்பு தந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். நம்ப முடியாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது மனம் அதற்கு எதிரான சாட்சிகளைத் தேடி எடுக்கிறது. யாருக்காக இந்த முழக்கத்தைத் தொடங்கினீர்களோ அந்தப் பிள்ளைகளைத்தான் அது மேலும் கீழே தள்ளுகிறது.

"என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977-லேயே உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா விளக்கிவிட்டார். தானே செய்து முடித்த அனுபவம்தான் அதன் வலுவான ஊற்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். பிறர் வாயால் தரும் ஊக்கம் அந்த அளவுக்கு நிலைப்பதில்லை. எனவே பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும், சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அந்த 19 மதிப்பெண் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். இரண்டு வினாவிலும் ஒன்றுக்கு ஒன்று மாற்று உண்டு. "நான் நூற்றுக்கு நூறு எடுப்பேன்" என்பது அவளுக்குப் பொய். "வடிவொத்த முக்கோணம் வரைவதில் அளவு காரணி ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் எனக்கு வரும், அதிகமாக இருந்தால் தடுமாறுகிறேன்" என்பது உண்மை. அதில் தெம்பும் இருக்கிறது, அடுத்த வேலையும் இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை அவளே எழுத வேண்டும்.

செய்முறை எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். திங்கள், வியாழன் முதல் பாடவேளையில் ஏழு நிமிடம். மூன்றே வரி. போன வாரம் வராமல் இருந்து இந்த வாரம் வந்தது எது? இப்போது எங்கே சிக்குகிறது? அந்த இடம் வந்தால் என்ன செய்வேன்? மூன்றாவது வரி "வந்தால்" என்ற வடிவத்திலேயே இருக்கட்டும்: "குறியில் சந்தேகம் வந்தால் முந்தைய வரியை மறுபடி எழுதிப் பார்ப்பேன்." வெறுமனே "நன்றாகப் படிப்பேன்" என்று எழுதும் பிள்ளையிடம், "எந்தப் பாடம், எந்தக் கணக்கு?" என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் பாதிப் பேர் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கண்டிக்க வேண்டாம். நோட்டை யாரும் வாங்கிப் படிப்பதில்லை என்று தெரிந்ததும் அவரவர் வரி தானாக வரும்.

இந்த முயற்சி கெட்டுப்போகும் இடங்களும் இருக்கின்றன. சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தினால் அன்றோடு அது தமிழ்க் கட்டுரை நோட்டு ஆகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் எடுத்துக் காட்டினால் பிள்ளை இனி உண்மையை எழுதாது. "இனிமேல் தப்பு செய்ய மாட்டேன்" என்று ஐம்பது முறை எழுதச் சொல்லும் தண்டனைக்கு அதே நோட்டைப் பயன்படுத்தினால் எல்லாம் பாழ்.

பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை, தேர்வுக்கு முன்பாக, இன்னொரு பயிற்சியும் கொடுக்கலாம். குடும்பம், நட்பு, இசை, விளையாட்டு, கடவுள் நம்பிக்கை, நகைச்சுவை என்று ஒரு பட்டியலைத் தந்து, தனக்கு முக்கியமான இரண்டைத் தேர்ந்தெடுத்து ஏன் என்று பதினைந்து நிமிடம் எழுதச் சொல்வது. உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் குழுவினர் அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பின்னர் வேறு பள்ளிகளில் பலன் இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மந்திரம் என்று நினைத்து இறங்க வேண்டாம். "இதை எழுதினால் தன்னம்பிக்கை வளரும்" என்று முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டாம். வழக்கமான வகுப்பு வேலையாகவே கொடுங்கள்.

பொதுத்தேர்வு அறையில் வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்துக்கும் ஒரு வாக்கியம் பழக்க வேண்டும். "பயமே இல்லை" என்பது அங்கே உதவாது, கை நடுங்குவது பிள்ளைக்கே தெரிகிறது. "முதலில் வடிவியலையும் வரைபடத்தையும் பார்ப்பேன். புரியாத வினாவுக்குப் பென்சிலில் புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன்" என்பது உதவும். திருப்புதல் தேர்விலேயே இதைச் சொல்லிப் பழகட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து, ஷாமியானாவின் கீழ் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, அப்பாவின் கஷ்டத்தையும் அம்மாவின் கண்ணீரையும் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை அழவைக்கும் நிகழ்ச்சிகளை யார் அனுமதிக்கிறார்கள்? அழுத பிள்ளை குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போகிறது, இயற்கணிதம் அங்கேயே நிற்கிறது. மாநில அளவில் முதலிடம் அறிவிப்பதையே 2017-இல் தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது. பள்ளி மைதானத்தில் மட்டும் ஏன் இன்னும் பெயர் வாசிக்கிறோம்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17-இல், பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது. அதற்காக 15 வயதுப் பெண்ணுக்கு மானம் குறைவு என்று உங்களில் ஒருவரும் சொல்ல மாட்டீர்கள்.

கோபம் எழுத்தில் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், காலிப் பணியிடம், தேர்ச்சி விழுக்காடு கேட்டு வரும் தொலைபேசி என்று உங்கள் தலையில் இருக்கும் பாரம் தெரியாமல் எழுதவில்லை. நான் கேட்பதற்குப் புதிய நிதியோ புதிய பதிவேடோ வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை முதல் கூட்டு முழக்கத்தை நிறுத்துங்கள். 35-க்குக் கீழே எடுத்தவர்களை மைதானத்தில் நிறுத்தாமல், தனித்தனியே வகுப்பாசிரியர் மூலம் அழைத்துப் பேசுங்கள். மிச்சமாகும் நிமிடங்களை நோட்டுக்குக் கொடுங்கள். முதலில் பத்தாம் வகுப்பின் ஒரு பிரிவில் மட்டும் ஆறு வாரம் நடத்திப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணியை மதிக்கும்
ஒரு கல்விப் பணியாளர்