மோட்டார் சைக்கிளைத் தூக்க எது பொருத்தம்?

ஆசிரியருக்கு,

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை இருந்த மோட்டார் சைக்கிளையே திருத்தித் திருத்தி ஓடவேண்டியிருந்தது. செயின் கழுவுவதையும் ஒயில் மாற்றுவதையும் வீட்டு முற்றத்திலேயே செய்பவர்கள் இன்று யாழ். குடாநாட்டில் நிறையப் பேர். நல்ல பழக்கம். ஆனால் சில்லைத் தூக்குவதற்குக் கார் ஜக்கையும் புளொக் கல்லையும் விறகுக்கட்டையையும் எஞ்சினுக்குக் கீழே கொடுக்கும் வழக்கம் மாறவேண்டும். உள்ளே பொந்துள்ள புளொக் கல், ஜக்கின் சிறிய அடியில் இருந்து வரும் பாரத்தை ஒரே புள்ளியில் தாங்காது. முன்கூட்டி ஓர் அடையாளமும் காட்டாமல் நொறுங்கும்.

சில்லு நிலத்தில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்ராண்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். 500 கிலோ என்று எழுதிய ஜக்கே கடைகளில் இருக்கிறது, 150 சி.சி. வண்டியோ 150 கிலோவுக்குள்தான். பாரம் இங்கே பிரச்சினை இல்லை. எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதே பிரச்சினை. ஆகவே கடைக்குப் போக முன்னர் நிலத்தில் படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள். ஹீரோ ஸ்பிளெண்டர் போன்றவற்றில் சட்டத்தின் இரண்டு குழாய்கள் எஞ்சினுக்குக் கீழால் போகும். கத்தரிபோல் விரிந்து உயரும் கத்தரி ஜக் வாங்குவதானால், அதன் தட்டு அந்த இரண்டு குழாய்களையும் ஒருசேரத் தாங்கும் அகலத்தில் இருக்கவேண்டும். இடையில் ஓர் அங்குலப் பலகை வைப்பது நல்லது. யமஹா எஃப்.இசட். வகையில் சட்டம் எஞ்சினுக்கு மேலேயே முடிந்துவிடும். கீழே இருப்பது அலுமினிய எஞ்சின் கூடும் சைலன்சர் குழாயும் மட்டுமே. அங்கே ஜக் கொடுத்தால் கூட்டில் வெடிப்பு விழலாம், அல்லது ஒயில் வடிக்கும் போல்ட்டின் மரை கெடலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாட்களில் எஞ்சினின் அடியில் ஒயில் கசிந்து தூசி படியத் தொடங்கும்போதுதான் விளங்கும்.

சென்ரர் ஸ்ராண்ட் உள்ள வண்டிக்குப் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். பழைய வண்டியில் ஸ்ராண்டின் பாதம் தேய்ந்து பின்சில்லு நிலத்தில் முட்டும். ஸ்ராண்ட் திரும்பும் அச்சைச் சுற்றியுள்ள புஷ் வளையம் தேய்ந்து வண்டி ஒருபக்கம் ஆடும். ஸ்ராண்டைக் கழற்றிக்கொண்டு வெல்டிங் கடைக்குப் போய், இரண்டு பாதத்திலும் ஒரே தடிப்பில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் தகடு ஒட்டுவியுங்கள். அதற்கு மேல் தடிப்பு வேண்டாம், வண்டியை ஏற்றி நிறுத்தவே சிரமப்படுவீர்கள். கழற்றாமல் வண்டியிலேயே ஒட்டுவதானால் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கட்டாயம் கழற்றவேண்டும். புஷ்ஷும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டு கிறீஸ் பூசினால் இன்னும் பல வருடம் ஓடும். ஸ்கூட்டர்களுக்கும் இதுதான் வழி. அவற்றின் எஞ்சினும் பின்சில்லும் ஒரே கட்டாக இருப்பதால் இருபக்கமும் பிடிக்கும் ஸ்ராண்ட் பொருந்தாது.

சென்ரர் ஸ்ராண்ட் இல்லாத வண்டிகளுக்குப் சட்டத்திலிருந்து பின்சில்லின் அச்சுவரை வரும் இருபக்கக் கையையும் (சுவிங் ஆம்) தாங்கித் தூக்கும் ஸ்ராண்டே ஏற்றது. கொக்கி வைத்ததும் உண்டு, றப்பர் தட்டு வைத்ததும் உண்டு. கொக்கி மாட்டுவதற்கு அந்தக் கையில் மரையுள்ள துளை இருக்கவேண்டும். நம் ஊரில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில் அது இல்லை. றப்பர் தட்டு வகையை எடுத்தால், தட்டு கையின் சமதளமான பகுதியில் அமர்கிறதா என்று பாருங்கள். செயின் இறுக்கும் போல்ட்டின் மேலோ பிரேக் குழாயின் மேலோ அமரக்கூடாது. சில்லைக் கழற்றும் நோக்கம் இருந்தால் அச்சு வெளியே வர வழியும் விட்டிருக்கவேண்டும்.

ஸ்ராண்டை அமத்தும் கைப்பிடியின் நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. 150 கிலோ வண்டியில் ஏறத்தாழ 75 கிலோ பின்பக்கம் இறங்கும். தட்டிலிருந்து ஸ்ராண்டின் அடியில் உள்ள சிறிய சில்லு வரை 15 சென்ரிமீற்றர், அங்கிருந்து கைப்பிடி நுனி வரை 75 சென்ரிமீற்றர் என்றால் 15 கிலோ அழுத்தம் போதும். இடம் மிச்சம் என்று கைப்பிடியைப் பாதியாக வெட்டினால் 30 கிலோ வேண்டும். தளபாடக் கடைக் குழாயில் செய்த ஸ்ராண்டை வாங்காதீர்கள். குழாயின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வெல்டிங் ஒட்டின் ஓரத்திலேயே வளையும். ஒட்டு குழாயைச் சுற்றி முழுமையாக ஓடியிருக்கவேண்டும், நாலு பொட்டு வைத்தது காணாது. குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக் காற்று அந்த ஒட்டைத்தான் முதலில் தின்னும். துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ட் பூசாமல் வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம்.

வண்டியை மேலே ஏற்றி ஒயில் அழுத்தத்தால் உயர்த்தும் பெரிய ஹைட்ரோலிக் மேசை கராஜுக்கு உரியது. வாங்கியே தீருவேன் என்பவர்கள், உயர்த்தியதும் பூட்டுக் கம்பியைப் போடாமல் கீழே கை வைக்கக்கூடாது. ஒயில் அழுத்தத்தை நம்பவே கூடாது.

தூக்கும்போது செய்யும் பிழை ஒன்று உண்டு. கியரில் விட்டிருக்கிறேன், வண்டி அசையாது என்று நினைப்பார்கள். பின்சில்லு அந்தரத்தில் நிற்கும்போது கியர் எதைப் பிடிக்கும்? முன்பிரேக் மட்டுமே பிடிக்கும். பழைய ரியூப்பில் இரண்டு விரல் அகலப் பட்டி வெட்டி, முன்பிரேக் நெம்பை ஹாண்டில் பிடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு இடக்கையால் சீற்றின் பின்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, இரண்டு தட்டும் தொடுவதைக் கண்ணால் கண்டபின் வலக்கையால் ஸ்ராண்டை ஒரே சீராக அமத்துங்கள். ஒரு தட்டு மட்டும் பிடித்தால் வண்டி மறுபக்கம் சாயும். பழகும்வரை மறுபக்கம் ஒருவர் நிற்கட்டும். இறக்கும்போது சைட் ஸ்ராண்டை முதலே விரித்துவிடவேண்டும். மணல் முற்றத்தில் 18 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை போடாமல் தூக்கினால் ஸ்ராண்டின் சில்லு புதையும், மாரி மழைக்குப் பிறகு சொல்லத் தேவையில்லை.

சில்லு சுழல்கிறதே என்று எஞ்சினை இயக்கிச் செயினைத் துடைக்காதீர்கள். துணி செயினோடு போனால் விரலும் கூடவே பற்சில்லுக்குள் போகும். எஞ்சினை நிறுத்தி, நியூற்றலில் விட்டு, கையால் சுழற்றுங்கள்.

ஸ்ராண்ட் செய்து விற்கும் வெல்டிங் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குழாயின் தடிப்பையும் எந்த வண்டிகளுக்குப் பொருந்தும் என்பதையும் பெயின்டால் அதிலேயே எழுதிவிடுங்கள். வாங்குபவர்கள் வண்டியையும் கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே தூக்கி, சீற்றை இருபக்கமும் மெதுவாகத் தள்ளிப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.

வாசகர்,
கொக்குவில்.