ஞாயிறு சந்திப்பு: டொம் மொனகனின் வாழ்க்கை

அன்பான பங்கு உறவுகளே, வணக்கம்.

இந்த ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் புளியந்தீவில் நமது பங்கு மண்டபத்தில் கூடுகிறோம். டொமினோஸ் பீட்சாவைத் தொடங்கிய டொம் மொனகனைப் பற்றிப் பேசுவோம்.

நான்கு வயதில் தந்தையை இழந்து, அருட்சகோதரிகளின் இல்லத்தில் சில ஆண்டுகள் வளர்ந்தவர். அமெரிக்க மரைன் படையில் பணியாற்றிவிட்டு, 1960 இல் கடன் வாங்கி, தம்பியோடு மிச்சிகனில் ஒரு சின்னஞ்சிறு பீட்சாக் கடையை எடுத்தார். சில மாதங்களில் தம்பி விலகிக்கொண்டார். அவருடைய பாதிப் பங்குக்கு ஈடாகக் கிடைத்தது பழைய வொக்ஸ்வாகன் கார் ஒன்றுதான்! 1998 இல் அண்ணன் அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு விற்று, கத்தோலிக்கக் கல்விக்கு வாரி வழங்கினார். புளோரிடாவின் ஆவே மரியா பல்கலைக்கழகம் அப்படி எழுந்தது. அதற்கு முன்பே, தனக்காகக் கட்டிய மாளிகையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பணம் சேர்த்ததைவிட இந்த முடிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் சிறு கடை நடத்தும் தம்பி தங்கைகள் கட்டாயம் வாருங்கள். கடன், பங்காளிப் பிரிவு, கொடை என்று மனம்விட்டுப் பேசலாம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள். தேநீருக்கு ஆயத்தம் செய்ய வேண்டும்.