தாத்தாவைப் பற்றி எழுது

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

தாத்தாவைப் பற்றி எழுத ஆரம்பித்து, கொஞ்சம் எழுதியதும் நிறுத்திவிட்டேன் என்று போனில் சொன்னாய். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்றாய். அதற்குள் குழந்தை அழ, நீ போனை வைத்துவிட்டாய். போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேரன் பிறந்த சமயம் அமெரிக்காவில், சவானாவில் உன்னோடு இருந்தேனே, அப்போது நூலகத்திலிருந்து அமெரிக்க எழுத்தாளர் பேட் கான்ராயின் புத்தகங்களை எடுத்துவந்து தந்தாய். இரண்டு மூன்று நாளாக அவர் ஞாபகம்தான். நாவல்களை நீதான் சிலாகிப்பாய். எனக்கு ஒட்டிக்கொண்டது அவர் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரைகளும் கடிதங்களும். நாவலில் ஒரு ஆற்றையும் உப்பங்கழியையும் வர்ணிக்க ஆரம்பித்தால் பக்கம் பக்கமாகப் போய்விடுவார். கடிதத்தில் அப்படி இல்லை, எதிரே உட்கார்ந்து பேசுகிற மனுஷன். 2016-இல் அவர் இறந்தார். அதே ஆண்டு வந்த 'எ லோகன்ட்ரி ஹார்ட்' தொகுப்பில் வாசகர்களுக்கு அவர் எழுதிய மடல்கள் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு எழுதுகிறார், ஆனாலும் 'பேரன்புடன்' என்றுதான் கையெழுத்துப் போடுகிறார். அதை எழுத அவருக்குத் தகுதி இருந்தது என்று நினைக்கிறேன். அன்பு சுலபமாகக் கிடைத்த வீட்டில் வளர்ந்தவர் இல்லை அவர்.

அப்பா டொனால்ட் கான்ராய், சிகாகோக்காரர், அமெரிக்க மரைன் படையில் போர் விமானி. ஏழு பிள்ளைகளில் பேட் மூத்தவர், 1945-இல் பிறந்தவர். அப்பாவுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும், குடும்பமும் ஊர் ஊராகப் போகும். பன்னிரண்டு வருஷப் படிப்புக்குப் பதினோரு பள்ளிக்கூடம். போன ஊரிலெல்லாம் அடி. மனைவிக்கும் அடி, பிள்ளைகளுக்கும் அடி. இதை 1976-இல் 'தி கிரேட் சாண்டினி' என்று நாவலாக எழுதினார். எழுதியதும் குடும்பம் கொந்தளித்தது. அப்பாவுக்குக் கடும் கோபம். அப்பா வழிச் சொந்தக்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். விவாகரத்து வழக்கில் அம்மா அந்தப் புத்தகத்தையே நீதிபதியிடம் சாட்சியமாகக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நீ கவனித்துப் படித்தாயா? மகன் எழுதியது பொய் என்று நிரூபிக்கக் கிளம்பிய அந்த அப்பா, நிரூபிக்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் கொஞ்சமாக நல்ல மனுஷனாக மாறினார். மகனின் புத்தக விழாக்களுக்கு வந்து, வரிசையில் நிற்கும் வாசகர்களுக்குத் தானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'என் மகனின் கற்பனைக் கதையை ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்று எழுதி, 'கற்பனை' என்பதன் கீழே பலமுறை கோடு இழுப்பாராம். 1998-இல் அவர் இறந்தபோது இரங்கல் உரை எழுதியது அடி வாங்கிய அதே மகன்தான். அந்த உரையில் அவர் அப்பாவின் அடியையும் மறைக்கவில்லை, அப்பா மாறியதையும் மறைக்கவில்லை. எனக்குக் கான்ராய் பெரிய எழுத்தாளர் ஆனது அந்த இடத்தில். பாதி உண்மையைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடித்தவரைப் பற்றி இரண்டு பாதியையும் சொல்வதற்கு ரொம்ப நெஞ்சுரம் வேண்டும்.

எழுதியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. 1994-இல் கடைசித் தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு தங்கையோடு உறவே முறிந்தது. கான்ராயும் பலமுறை மனம் உடைந்து விழுந்து எழுந்தவர்தான். இதையெல்லாம் 2013-இல் 'தி டெத் ஆஃப் சாண்டினி'யில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நீயும் விலையைத் தெரிந்துகொண்டே எழுது.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் என்பதாலோ என்னவோ, எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜீன் நாரிஸ். தென் கரோலினாவில் இருக்கும் பியூஃபர்ட் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். 1961-இல் பதினைந்து வயதில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த பையனின் கண்ணில் என்ன பார்த்தாரோ, தாமஸ் உல்ஃபின் நாவல் ஒன்றைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார். பிறகு ஆஷ்வில்லில் அந்த எழுத்தாளர் வளர்ந்த வீட்டுக்கே காரில் கூட்டிப்போனார். அங்கே மரத்திலிருந்து ஒரு ஆப்பிளைப் பறித்து, தின்னு என்று கையில் கொடுத்தாராம். புத்தகத்தில் படித்த இடத்தின் பழம் பையனின் வாயில் இருக்கிறது. இதைவிட நல்ல இலக்கிய வகுப்பை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஆசிரியர் ரத்தப் புற்றுநோயில் கிடந்தபோது கான்ராய் கூடவே இருந்தார். 'மை ரீடிங் லைஃப்' புத்தகத்தில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உன் சமையலறையில் நான் அழுதுகொண்டிருந்தேன், நீ வெங்காயம் என்று நினைத்தாய்.

கான்ராயே ஒரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர், தெரியுமில்லையா? தென் கரோலினாவின் டஃபஸ்கி தீவில், 1969-இல். கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் படித்த சின்னப் பள்ளிக்கூடம். சில பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாத நிலை. இவர் பிரம்பை எடுக்க மாட்டேன் என்றார், மேலிடத்தோடு சண்டை போட்டார், வேலை போனது. வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளை, தன் கைக்கு அதிகாரம் வந்ததும் அடிக்க மறுத்தான். நம் ஊர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் இதைச் சொல்லித்தர வேண்டும்.

2007-இல் மேற்கு வர்ஜீனியாவில் நைட்ரோ என்ற ஊர்ப் பள்ளியில் இவருடைய இரண்டு நாவல்களை வகுப்பிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அங்கே படித்த ஒரு மாணவி இவருக்கு மின்னஞ்சல் அனுப்ப, இவர் உடனே 'சார்ல்ஸ்டன் கெஸட்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். (சார்ல்ஸ்டன் என்றதும் உன் பக்கத்து ஊர் என்று நினைத்துவிடாதே, இது மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன்.) தன் புத்தகத்துக்காக வாதாடுவதைவிட அதைப் பாடமாக வைத்த ஆசிரியர்களுக்காகத்தான் அதில் அதிகம் வாதாடுகிறார். நீங்கள் தடை செய்ததால் இனி உங்கள் ஊரில் ஒரு பிள்ளை விடாமல் அதைப் படிக்கும் என்றும் எழுதிவிட்டார். ஒரு பள்ளி மாணவியின் கடிதத்துக்கு இப்படிப் பதில் எழுதுகிற எழுத்தாளர் எந்த ஊரில் இருந்தாலும் நம்மவர்தான்.

படித்த கல்லூரியோடும் பகை. உன் பக்கத்து ஊரான தென் கரோலினா சார்ல்ஸ்டனில் இருக்கும் சிட்டடல் ராணுவக் கல்லூரியின் கொடுமைகளை வைத்து 1980-இல் நாவல் எழுதியதால் இருபது வருஷம் போல அங்கே இவருக்கு இடமில்லை. அப்புறம் சமாதானமாகி, 2001 பட்டமளிப்பு விழாவில் பேச அழைத்தார்கள். அந்தப் பேச்சில் மாணவர்கள் எல்லோரையும் தன் இறுதிச் சடங்குக்கு வரச் சொன்னார். வாசலில் யாராவது தடுத்தால், 'நான் அந்த மோதிரத்தை அணிந்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள், அதுதான் அனுமதிச் சீட்டு என்றார். கல்லூரி மோதிரம். பதினைந்து வருஷம் கழித்து, கணையப் புற்றுநோயில் அவர் இறந்தபோது, பியூஃபர்ட் தேவாலயத்துக்கு அந்த வகுப்பு மாணவர்கள் மோதிரத்தோடு வந்தார்கள். திட்டி எழுதியவனையும் சொந்தமாக்கிக்கொள்ள அந்த இடத்துக்கு முடிந்தது என்றால், அவன் திட்டியதில் எவ்வளவு அக்கறை இருந்திருக்க வேண்டும்!

இப்போது உன் தாத்தாவுக்கு வருகிறேன். குடை பிடித்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்ட தாத்தாவை நீ பார்த்தாய். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, கணக்கில் மார்க் குறைந்ததற்குப் பெல்ட்டைக் கழற்றிய அப்பாவை நானும் உன் மாமாவும் பார்த்தோம். ஆச்சி உன்னிடம் சொன்னது எல்லாம் நிஜம். அடித்த மறுநாள் காலையில், எங்கள் எல்லோருடைய பென்சில்களையும் சவரப் பிளேடால் சீவி, கூர் உடையாமல் ஜன்னல் கட்டையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். பேரப்பிள்ளைகள் வந்தபிறகு கையை ஓங்கியதே இல்லை. இது ஆச்சி உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். இதையும் எழுது, பெல்ட்டையும் எழுது. ஒன்றுக்காக மற்றதை வெட்டாதே. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். கஷ்டமாக இருந்தால் ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டு மறுபடி படிப்பேன்.

கான்ராய் கடைசிவரை மஞ்சள் தாளில் கையால்தான் எழுதினார். தட்டச்சு ஆண்பிள்ளை கற்கிற விஷயமில்லை என்று அப்பா தடுத்துவிட்டாராம். உனக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை, கம்ப்யூட்டரிலேயே எழுது. பியூஃபர்ட்டில் அவர் பெயரில் இலக்கிய மையம் இருக்கிறது. உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிற நாளில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டு வா.

பொங்கலுக்கு மாமா இங்கே வருகிறார். தாத்தா மில்லில் வேலை நிறுத்தத்தின்போது என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும், கேட்டு எழுதுகிறேன். எழுதியவரைக்கும் உள்ளதை எனக்கு அனுப்பு. திருத்த வேண்டாம், அப்படியே அனுப்பு. குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அம்மா